ரெண்டு கோர் ஃபெனத்தை நாலாத் திறந்தா மதர்போட் தாங்குமோ? ஓவர்குளொக்கும் சேர்த்துச் செய்யலாமோ?

விசுவமடு_வீடியோ:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். நான் விசுவமடு. வீட்டில இருக்கிறது பழைய டெஸ்க்ரொப் ஒண்டு, வவுனியாவில செக்கன்ஹாண்டா எடுத்தது. புரொசசர் ஏஎம்டி ஃபெனம் 2 எக்ஸ்2 555 பிளாக் எடிஷன், ரெண்டு கோர் (கணக்குச் செய்யிற பகுதி), 3.2 கிகாஹேர்ட்ஸ். மதர்போட் அஸ்றொக், 770 சிப்செற், சவுத்பிறிட்ஜ் (டிஸ்க், யுஎஸ்பியைப் பார்க்கிற சிப்) எஸ்பி710. ராம் டிடிஆர்3 1333, மொத்தம் 8 ஜிபி. சின்ன கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு இருக்கு, தனி பவர் வயர் குத்தத் தேவையில்லாதது. பவர் சப்ளையில 500 வாற்ஸ் எண்டு பெரிசா அடிச்சிருக்கு, ஆனா பிராண்ட் ஒருத்தரும் கேள்விப்படாத பிராண்ட்.

நான் கோயில் திருவிழா, சாமத்தியவீடு, பெடியளின்ர மாட்ச் எண்டு வீடியோ எடுத்து கேடென்லைவ் எண்டுற சொஃப்ற்வெயாரில எடிற் பண்ணிக் குடுக்கிறனான். எடிற் பண்றது சமாளிக்கலாம், ரெண்டர் (எடிற் பண்ணினதை ஒரே வீடியோவா ஆக்கிறது) போட்டா விடிய விடிய ஓடுது. வற்றாப்பளைப் பொங்கல் வீடியோவைப் போட்டிட்டுப் படுத்தா காலமை எழும்பேக்கையும் முடிஞ்சிருக்காது, நடுவில கரண்ட் போனா திரும்ப முதல்ல இருந்து தொடங்க வேணும்.

போன கிழமை கூட்டாளி ஒருத்தன் சொன்னான் உந்தப் புரொசசருக்கை உண்மையில நாலு கோர் இருக்கு, ரெண்டைப் பூட்டி வைச்சு வித்திருக்கிறாங்கள், பயோசுக்கை (விண்டோசுக்கு முதல் வாற செற்றிங் பக்கம்) போனாத் திறக்கலாம் எண்டு. போய்ப் பார்த்தன், ‘அன்லொக் சிபியூ கோர்’ எண்டு ஒரு செற்றிங் இருக்குத்தான். நான் ஒண்டிலயும் கை வைக்கேல்லை. இது உண்மையோ, திறந்தா எரிஞ்சு போகுமோ? திறக்கிற கையோட 3.6, 3.8க்கு ஓவர்குளொக் (குறிச்ச வேகத்துக்கு மேல ஓட விடுறது) பண்ணலாம் எண்டும் அவன் சொல்லுறான். எங்கட வீடு தகரக் கூரை, மத்தியானத்தில அறைக்கை இருக்கேலாது, அதையும் சொல்லிப்போடுறன். புதுசு வாங்க இப்ப வசதியில்லை, இந்த மெசின் நிண்டுதெண்டா எனக்கு வேலையே நிண்டிடும், அதால விளக்கமாச் சொல்லுங்கோ.

---

கரடிப்போக்கு_ரிப்பேர்:

தம்பி, கூட்டாளி சொன்னது சரி. 555க்குள்ள கிடக்கிறது டெனெப் எண்டுற நாலு கோர்ச் சிலிக்கன், 955, 965 எண்டு வித்த அதே துண்டுதான், 45 நானோமீற்றர், 6 எம்பி எல்3 கேஷ் (உள்ள இருக்கிற வேகமான சின்ன நினைவகம்) எல்லாம் ஒண்டு. செய்யேக்க ஒரு கோர் பழுதா வந்தா அந்தத் துண்டை எறியாமல் மூண்டு கோரா வித்தவை, எக்ஸ்3 720 அப்பிடி வந்ததுதான், ரெண்டு கோரை நிப்பாட்டினா 550, 555. ஆனா மலிவான புரொசசருக்குக் கேள்வி கூடேக்க நல்ல துண்டுகளிலயும் ரெண்டை நிப்பாட்டிப்போட்டு வித்தவை, அந்த மாதிரித் துண்டு கையில அம்பிட்டாத்தான் நாலும் ஓடும். உங்களிட்டை இருக்கிறது எந்த வகை எண்டு மேல பார்த்துச் சொல்ல ஒருத்தராலயும் ஏலாது, திறந்து ரெஸ்ற் பண்ணித்தான் பார்க்க வேணும்.

அந்தச் செற்றிங் எங்கால வந்தது எண்டா, 2008ல எஸ்பி750 சவுத்பிறிட்ஜோட ஏசிசி எண்டு ஒண்டு விட்டவை, அட்வான்ஸ்ட் குளொக் கலிபிறேஷன், முதல் ஃபெனத்தை ஓவர்குளொக் பண்ணேக்க நிலையா வைச்சிருக்க எண்டு. 2009 தொடக்கத்தில 720 சந்தைக்கு வந்த கையோட ஆக்கள் ஏசிசியை ஒன் பண்ணிப் பார்த்தா நாலாவது கோர் முழிச்சு வந்திட்டுது. எஸ்பி710லயும் ஏசிசி இருக்கு. அஸ்றொக், அசூஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் எல்லாரும் அதைப் பிறகு தங்கட பேரில ஒரு செற்றிங்கா வைச்சவை. சிப்பில ஒண்டும் எழுதுப்படாது, ஒவ் பண்ணினாப் பழையபடி ரெண்டு கோர். அதால ‘திறந்தா எரியுமோ’ எண்டுற கேள்விக்குப் பதில், திறக்கிறதால எரியாது.

எரியிறது வேற இடம். புரொசசர் சொருகிற சொக்கற்றுக்குப் பக்கத்தில சின்னச் சின்னக் கறுப்புத் துண்டுகள் வரிசையா இருக்கும், மொஸ்ஃபெற், அதுகள்தான் 12 வோல்ற்றை 1.3, 1.4 வோல்ற்றாக் குறைச்சுப் புரொசசருக்குக் குடுக்கிறது. 555 எண்டா 80 வாற்ஸ். நாலையும் திறந்து ரெண்டர் போட்டா 955 மாதிரி 125 வாற்ஸ் பக்கம் போகும். ரெண்டு ஏக்கருக்கு வெட்டின வாய்க்காலில நாலு ஏக்கருக்குத் தண்ணி விடுற மாதிரித்தான், வரம்பு உடையிறது நடுவிலதான். என்ர மேசைக்கு வாற ஏஎம்3 (உங்கட சொக்கற்றின்ர பேர்) போட்டுகளில கனக்க உந்த மொஸ்ஃபெற் வரிசை கருகி, அடியில போட் மண்ணிறமாகி, கிட்டப் பிடிச்சா எரிஞ்ச மணத்தோடதான் வருது. புரொசசரைக் கழட்டி வேற போட்டில போட்டா ஒரு பிழையும் இல்லாமல் ஓடும். செத்தது போட்.

அதால செற்றிங்கில கை வைக்க முதல் இதுகளைப் பாருங்கோ. போட்டின்ர மாடல் நம்பரைப் பார்த்து (ராம் சொருகிற இடத்துக்குக் கிட்ட அல்லது பிசிஐ சொக்கற்றுகளுக்கு நடுவில பெரிய எழுத்தில இருக்கும்) அவையின்ர தளத்தில சிபியூ சப்போர்ட் லிஸ்ற்றை எடுத்து 955, 965 மாதிரி 125 வாற்ஸ் புரொசசர் அந்த லிஸ்ற்றில இருக்கோ எண்டு பாருங்கோ. 95 வாற்ஸோட நிக்குது எண்டா திறக்கிற எண்ணத்தையே விடுங்கோ, அதுக்கு மேல கதைக்க ஒண்டும் இல்லை. இருந்தா, மொஸ்ஃபெற்றுக்கு மேல ஹீற்சிங் (சூட்டை இழுத்து வெளிய விடுற உலோகத் துண்டு) ஒட்டியிருக்கோ, வெறுமனவோ எண்டும் பாருங்கோ.

அடுத்தது பவர் சப்ளை. 500 எண்டு அடிச்சதை நம்பாதேங்கோ, பக்கத்தில ஸ்ரிக்கர் இருக்கும், அதில 12 வோல்ற்றுக்கு நேர எத்தினை அம்பியர் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. மிச்சத்தை அதைப் பார்த்திட்டுச் சொல்லுறன்.

கூலரும் கவனிக்க வேணும். 555 பெட்டியோட வந்தது வெறும் அலுமினியக் கூலர், 125 வாற்ஸ் புரொசசருக்குக் குடுத்ததில செப்பு ஹீற்பைப் இருந்தது, ரெண்டும் ஒரே உயரமாத் தெரிஞ்சாலும் வேலை வேற. பழைய பேஸ்ற் காய்ஞ்சு கட்டியாயிருக்கும், மாத்த வேணும். கழட்டேக்க கவனம், ஏஎம்3யில புரொசசருக்குத்தான் ஊசிக்கால், காய்ஞ்ச பேஸ்ற் கூலரைப் புரொசசரோட ஒட்டிப்போட்டிருக்கும், நேர மேல இழுத்தா லொக் போட்டிருக்கவே புரொசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், கால் வளைஞ்சா முடிஞ்சுது. கொஞ்ச நேரம் வேலை குடுத்துச் சூடாக்கி, ஒவ் பண்ணி, பிளக்கைக் கழட்டிப்போட்டு, கிளிப்பை எடுத்து, கூலரை இடமும் வலமும் மெதுவாத் திருப்பித் திருப்பி இளக்கி எடுங்கோ.

---

அறிவியல்நகர்_அக்கா:

அண்ணை போட்டையும் பவரையும் வடிவாச் சொல்லிப்போட்டார், நான் ரெஸ்ற் பண்ற பக்கத்தைச் சொல்லுறன், ஏனெண்டா கன பேர் விண்டோஸ் வந்திட்டுது, நாலு கட்டம் தெரியுது, சரி எண்டு விட்டிடுவினம். பழுதான கோர் எல்லா நேரமும் கொம்பியூட்டரை நிப்பாட்டும் எண்டில்லை. சில நேரம் கணக்கைப் பிழையாச் செய்துபோட்டுப் பேசாமல் இருக்கும். நீங்கள் ரெண்டர் பண்ணின வீடியோவில நடுவில ஒரு ஃபிரேம் கட்டம் கட்டமா உடையும், சிப் ஃபைல் விரியாது, அதை விட மோசம் ஹாட் டிஸ்க்கில எழுதுறதே பிழையா எழுதுப்படும். ஒரு வீட்டுக்காரரின்ர சாமத்தியவீட்டு ஃபூற்றேஜ் போனா திரும்ப எடுக்கேலுமோ?

அதால முதல் வேலை ஃபூற்றேஜ் எல்லாத்தையும் வெளி டிஸ்க்குக்கு எடுங்கோ. ரெண்டாவது, முதல் தடவை திறக்கேக்க உள்ள இருக்கிற ஹாட் டிஸ்க்கின்ர சாட்டா வயரைக் கழட்டி விட்டிட்டு லினக்ஸ் லைவ் பென்ரைவில (டிஸ்க் இல்லாமலே பென்ரைவில இருந்து ஓடுறது) பூட் பண்ணுங்கோ. ரெஸ்ற்றுக்குப் பாவிக்கிறது பிரைம்95, புரொசசருக்கு விடாமல் கனமான கணக்குக் குடுத்துப் பிழை விடுதோ எண்டு பார்க்கிற சொஃப்ற்வெயார், அதுக்கு லினக்ஸ் வேர்ஷன் இருக்கு, எம்பிரைம் எண்டு. பிழை விட்டாலும் பழுதாக ஒண்டும் இல்லை.

திறந்த பிறகு புரொசசரின்ர பேர் ஃபெனம் 2 எக்ஸ்4 பி55 எண்டு மாறித் தெரியும், பயப்பட வேண்டாம், அப்பிடி ஒண்டைக் கடையில வித்ததில்லை, 555ஐத் திறந்தா அந்தப் பேர்தான் வரும். 550 எண்டா பி50.

பிரைமில சின்ன எஃப்எஃப்ரி ரெஸ்ற் (புரொசசரை உலுக்குறது) போட்டா ஒரு கோருக்கு ஒரு வேர்க்கர் எண்டு நாலு ஓடும். பழுதான கோரில இருக்கிற வேர்க்கர் ‘ரவுண்டிங் 0.5, 0.4க்குக் குறைய வந்திருக்க வேணும்’ எண்டுற மாதிரி எரர் ஒண்டை அடிச்சிட்டு நிண்டிடும், மற்ற மூண்டும் ஓடிக்கொண்டிருக்கும். எந்த வேர்க்கர் எண்டு எழுதி வையுங்கோ. ஒவ்வொரு முறையும் அதே வேர்க்கர் நிண்டா அந்தக் கோரிலதான் பிழை. மாறி மாறி நிண்டா கோரில பிழை இல்லை, வோல்ற்றேஜ், சூடு, ராம் எண்டு வேற இடத்தில தேட வேணும். அது பாஸ் பண்ணினாப் பிறகு பிளெண்ட் ரெஸ்ற், அது ராமையும் சேர்த்து உலுக்கும். பிறகு டிஸ்க்கைக் கொழுவி விண்டோசில கொஞ்ச நாள் பாவிச்சுக்கொண்டு ஈவென்ற் வியூவரில வீயா-லொக்கர் (வன்பொருள் பிழையை விண்டோஸ் குறிச்சு வைக்கிறது) எண்டு மஞ்சளாவோ சிவப்பாவோ ஏதும் விழுதோ எண்டு பாருங்கோ, பிரைமில தெரியாத பிழை அதில தெரியிறது உண்டு.

இன்னுமொண்டு, இதைக் கனபேர் சொல்லாமல் விடுகினம். ஏசிசியால திறந்தா கோருக்குள்ள இருக்கிற ரெம்பரேச்சர் சென்சர் வேலை செய்யாது. கோர் ரெம்ப் மாதிரி சொஃப்ற்வெயார் பூச்சியம் எண்டோ சம்பந்தமில்லாத நம்பரையோ காட்டும். ‘சூடே இல்லை’ எண்டு நினைச்சிடாதேங்கோ. சொக்கற்றுக்குக் கீழ போட்டில இருக்கிற சென்சரைத்தான் நம்ப வேணும், பயோசில சிபியூ ரெம்பரேச்சர் எண்டு காட்டுறது அதுதான், எச்டபிள்யூமொனிற்றரிலயும் பார்க்கலாம். அதால திறக்க முதல், ரெண்டு கோரில இருக்கேக்கயே பிரைமை ஓட விட்டு கோர் சென்சரும் சொக்கற் சென்சரும் எவ்வளவு வித்தியாசம் காட்டுது எண்டு குறிச்சு வையுங்கோ. பிறகு சொக்கற் நம்பரை மட்டும் பார்த்து உள்ள என்ன சூடு எண்டு ஓரளவு மதிக்கலாம். ரெண்டு கோர் 555க்கு ஏஎம்டி போட்ட எல்லை 70 பாகை, நாலு கோர் 955க்கு 62. திறந்த பிறகு உங்களுக்கும் 62தான் எண்டு எடுங்கோ, நான் எண்டா சொக்கற்றில 55 தாண்டினா நிப்பாட்டிப்போடுவன்.

ரெஸ்ற்றை ராத்திரியில செய்யாதேங்கோ. மத்தியானம் ரெண்டு மணிக்கு, கூரை கொதிக்கேக்க செய்யுங்கோ. இரவு 27 பாகை அறையில 52 காட்டினது பகல் 36 பாகையில 61 காட்டும், கூலருக்கு எண்டு நிலையான ஒரு சூடு இல்லை, அறைச் சூட்டுக்கு மேல எவ்வளவு எண்டுறதுதான் அதின்ர கணக்கு. மார்கழியில பாஸ் பண்ணின மெசின் சித்திரையில விழுந்தா உங்களுக்கு ஏனெண்டே விளங்காது.

கரண்ட் போறதுக்கு கோர் திறந்தாலும் மருந்தில்லை, அதுக்கு ரெண்டரைத் துண்டு துண்டாப் போடுங்கோ. கேடென்லைவில ஒரு பகுதியை மட்டும் தெரிஞ்சு ரெண்டர் பண்ணலாம், ஒரே செற்றிங்ஸில பத்துப் பத்து நிமிசமா எடுத்து, கடைசியில எஃப்எஃப்எம்பெக் எண்டுற சொஃப்ற்வெயாரால திரும்ப என்கோட் பண்ணாமல் ஒட்டுங்கோ. கரண்ட் போனா போறது ஒரு துண்டு மட்டும்தான்.

---

வவுனியா_குளொக்:

திறக்கிறது நல்லது, ஆனா பிளாக் எடிஷனைக் கையில வைச்சுக்கொண்டு ஓவர்குளொக் பண்ணாமல் விடுறது எனக்கெண்டா மனம் வராது, மல்ரிபிளையர் திறந்து கிடக்கு, அதைத்தான் மற்றச் சிப்புகளுக்கு ஆக்கள் கேட்டு அழுதது. அடிப்படைக் குளொக் 200 மெகாஹேர்ட்ஸ், அதைப் பெருக்கிற மல்ரிபிளையர் 16, அதுதான் உங்கட 3.2. அந்த 200இல தொடாதேங்கோ, அதைக் கூட்டினா ராம், நோர்த்பிறிட்ஜ், ஹைப்பர்ரான்ஸ்போர்ட் எல்லாம் சேர்ந்து கூடும், பிறகு விழுந்தா எது விழுத்தினது எண்டு தெரியாது. மல்ரிபிளையரை மட்டும் அரை அரையாக் கூட்டுங்கோ, 16.5 எண்டா 3.3, 17 எண்டா 3.4, ஒவ்வொண்டிலயும் பிரைம். வோல்ற்றேஜை ஓட்டோவில விடாதேங்கோ, ஓட்டோவில போட் பயத்தில தேவைக்கு மேல ஏத்தும், இப்ப என்ன காட்டுதோ அதையே கையால அடிச்சு வைச்சிட்டுத் தொடங்குங்கோ. ரெஸ்ற் நேரம் கூல் என் குவயற்றை (வேலை இல்லாத நேரம் வேகத்தைக் குறைக்கிற செற்றிங்) ஒவ் பண்ணுங்கோ, முடிஞ்சாப் பிறகு திரும்ப ஒன். விண்டோசுக்கை இருந்து ஒரு பட்டினில ஓவர்குளொக் பண்ணுற சொஃப்ற்வெயார் ஒண்டும் வேண்டாம், பயோசிலயே செய்யுங்கோ.

முக்கியமா ரெண்டையும் ஒண்டாச் செய்யாதேங்கோ. முதல் 3.2இலயே நாலு கோரும் சரியா எண்டு முடிச்சுப்போட்டுத்தான் குளொக். கூட்டாளி சொன்ன 3.8 உங்கட கூலருக்குச் சரிவராது, 3.5, 3.6 நினைக்கலாம். பூட் ஆகாமல் நிண்டா பயப்படத் தேவையில்லை, பிளக்கைக் கழட்டிப்போட்டு போட்டில இருக்கிற கிளியர் சீமொஸ் ஜம்பரை மாத்தி வைச்சு எடுங்கோ, இல்லாட்டி சில்லறைக் காசு மாதிரி இருக்கிற 2032 பற்றியைக் கொஞ்ச நேரம் கழட்டுங்கோ, எல்லாம் பழையபடி வரும்.

---

கரடிப்போக்கு_ரிப்பேர்:

தம்பி குளொக், செய்யிற முறை நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, ஆனா இந்தத் தம்பிக்கு நான் ஓம்பட மாட்டன். கணக்கைப் பாருங்கோ. புரொசசர் தின்னுற பவர் வேகத்தோட நேராக் கூடும், வோல்ற்றேஜோட வர்க்கத்தில கூடும். 3.2இல இருந்து 3.6 எண்டா வேகம் 12.5% கூட. அதுக்காக 1.35 வோல்ற்றை 1.45 ஆக்கினா அந்த வர்க்கம் மட்டும் 15%, ரெண்டையும் பெருக்கினா சூடு 30% கூட வருது. 125 எண்டது 160 தாண்டும். ரெண்டரில ஒரு மணித்தியாலத்துக்கு ஏழு நிமிசம் மிச்சம் பிடிக்கிறதுக்காக, தகரக் கூரைக்கு கீழ, அந்தப் பவர் சப்ளையோட, பிழைப்புக்கு வைச்சிருக்கிற மெசினில நான் அதைச் செய்யச் சொல்லேலாது. கோர் திறந்தா லாபம் பெரிசு, ரெண்டர் எல்லாக் கோரையும் பாவிக்கும், அதுக்குத் துணிஞ்சு பார்க்கலாம். ஏசி அறையில விளையாடுறதுக்கு வைச்சிருக்கிற மெசின் எண்டா நானும் ஏத்திப் பார் எண்டுதான் சொல்லுவன்.

---

விசுவமடு_வீடியோ:

எல்லாருக்கும் நன்றி. பார்த்தன். போட் லிஸ்ற்றில 955, 965 ரெண்டும் இருக்கு, 125 வாற்ஸ் எண்டு போட்டிருக்கு. மொஸ்ஃபெற் மேல ஹீற்சிங் இல்லை, வெறுமன. பவர் சப்ளை ஸ்ரிக்கரில 12 வோல்ற் 16 அம்பியர்.

---

கரடிப்போக்கு_ரிப்பேர்:

அப்ப 500 வாற்ஸ் எண்டது சும்மா பெட்டிக்கு மேல எழுதினது. 12ஐ 16ஆல பெருக்குங்கோ, 192 வாற்ஸ், புரொசசரும் கிராபிக்ஸ் கார்ட்டும் தின்னுறது அந்த 12 வோல்ற்றில இருந்துதான். இப்ப ரெண்டு கோருக்கு 80, மொஸ்ஃபெற்றில வீணாப் போறதோட 95 எண்டு வையுங்கோ, ஸ்லொற்றில இருந்து கார்ட் கூடினபட்சம் 66 இழுக்கும், டிஸ்க், ஃபான் ஒரு 15. 176 வருது, அதாலதான் இவ்வளவு நாளும் ஓடுது. நாலு கோர் திறந்தா 95 எண்டது 150 ஆகும், மொத்தம் 230. அந்த சப்ளை அதைத் தாங்காது. உந்த மாதிரி மலிவுச் சப்ளை விழேக்க தான் மட்டும் விழாது, போட்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகும். கையில இருக்கிற காசை முதல் இதுக்குப் போடுங்கோ. புதுசு வேணுமெண்டில்லை, நல்ல பிராண்ட், 80 பிளஸ் முத்திரை, 12 வோல்ற்றில 30 அம்பியருக்கு மேல, பழசு எண்டாலும் திறந்து கப்பாசிற்றர் வீங்கியிருக்கோ எண்டு கடைக்காரரைக் காட்டச் சொல்லிப்போட்டு எடுங்கோ. நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம், பிளக் கழட்டினாலும் உள்ள கரண்ட் நிக்கும்.

மொஸ்ஃபெற்றுக்கு சின்ன அலுமினிய ஹீற்சிங் வெப்பப் பசை நாடாவோட விக்குது, அதை ஒட்டி, அந்தப் பக்கம் காத்து அடிக்கிற மாதிரி ஒரு ஃபானைக் கட்டுங்கோ. கேஸ் பக்கத் தகடு திறந்து கிடந்தா நல்லது எண்டு நினைக்காதேங்கோ, சோளகக் காத்துக்கு உங்கட ரோட்டுப் புழுதி முழுக்க உள்ள போய் கூலரில பஞ்சு மாதிரிப் படியும்.

---

விசுவமடு_வீடியோ:

பவர் சப்ளை கிளிநொச்சியில எடுத்திட்டன், 12 வோல்ற் 34 அம்பியர், நல்ல பிராண்ட். ஹீற்பைப் கூலர் ஒண்டும் பழசு அம்பிட்டுது, பேஸ்ற் புதுசு போட்டன். சூடாக்கித் திருப்பித்தான் எடுத்தன், புரொசசர் சொக்கற்றிலயே இருந்தது.

அக்கா சொன்னபடி டிஸ்க் வயரைக் கழட்டிப்போட்டு பென்ரைவில செய்தன். ரெண்டு கோரில கோர் சென்சர் சொக்கற்றை விட 5 பாகை குறையக் காட்டினது. திறந்தா எக்ஸ்4 பி55 எண்டு வந்தது, கோர் சென்சர் 0. இரவு பிரைம் ஓட விட்டன், காலமை மட்டும் ஒரு பிழையும் இல்லை, சொக்கற் 47. சரியான சந்தோசம். பிறகு மத்தியானம் போட்டா நாப்பது நிமிசத்துக்குள்ள நாலாவது வேர்க்கர் நிண்டிட்டுது, சொக்கற் அப்ப 54. திரும்பப் போட்டன், திரும்பவும் அதே நாலாவது. மற்ற மூண்டும் அசையேல்லை. வோல்ற்றேஜ் 1.35 காட்டுது. இப்ப என்ன செய்யிறது?

---

அறிவியல்நகர்_அக்கா:

பகல் ரெஸ்ற் செய்தது நல்லதாப் போச்சுது. ஒவ்வொருமுறையும் அதே வேர்க்கர் எண்டா அந்தக் கோர் பலவீனம். முழுக்கச் செத்த கோர் எண்டா மெசின் பூட்டே ஆகியிருக்காது, இது சூடாகேக்க மட்டும் வழுக்குற கோர், அதைத்தான் அவை பூட்டி விட்டிருக்கினம். ரெண்டு வழி இருக்கு. 0.025 வோல்ற் கூட்டி 1.375இல வைச்சு திரும்பப் பகலில பார்க்கலாம். அல்லது அந்த ஒரு கோரை மட்டும் பயோசில நிப்பாட்டிப்போட்டு மூண்டு கோரில ஓடலாம், சில போட்டில ஒவ்வொரு கோரா நிப்பாட்டுற செற்றிங் இருக்கும்.

நான் எண்டா மூண்டு கோரை எடுப்பன். வோல்ற்றேஜ் கூட்டி இண்டைக்குப் பாஸ் பண்ணினாலும், எல்லையில நிக்கிற கோர் அடுத்த சித்திரையில என்ன செய்யும் எண்டு தெரியாது, அது பிழை விடுற நேரம் நீங்கள் வேலைக்குக் காசு வாங்கின வீடியோவில இருப்பீங்கள். ரெண்டில இருந்து மூண்டு எண்டுறதே ரெண்டரில அரைவாசி வேகம் கூட.

---

வவுனியா_குளொக்:

0.025 ஒருக்கா பார்க்கலாம் தம்பி, அதால ஒண்டும் எரியாது, 1.375 இந்தச் சிப்புக்குச் சாதாரணம். ஆனா அதுக்கு மேல துரத்த வேண்டாம். 1.4க்குப் போய்த்தான் நிக்குது எண்டா அந்தக் கோர் வேண்டாம், அக்கா சொன்னது சரி.

---

விசுவமடு_வீடியோ:

1.375 போட்டுப் பார்த்தன், கூட நேரம் நிண்டது, ஆனா பின்னேரத்துக்கிடையில திரும்பவும் நாலாவது விழுந்திட்டுது, சொக்கற்றும் 57க்குப் போட்டுது. திரும்ப 1.35 ஆக்கி, நாலாவது கோரை நிப்பாட்டிப்போட்டன், செற்றிங் இருந்தது. மூண்டு கோரில பகல் முழுக்க சின்ன எஃப்எஃப்ரியும் அடுத்த நாள் பிளெண்டும் ஓட விட்டன், ஒரு பிழையும் இல்லை, மத்தியானத்தில சொக்கற் 50. டிஸ்க்கைக் கொழுவி விண்டோசிலயும் பார்த்தன், வீயா ஒண்டும் விழேல்லை. முந்தி மூண்டு மணித்தியாலம் எடுத்த ரெண்டர் இப்ப ரெண்டேகாலுக்குக் கிட்ட முடியுது. ஓவர்குளொக்கை விட்டிட்டன்.

ஒரு சந்தேகம், கேம் ஒண்டு புதுசாப் போட்டா தொடங்க முதலே மூடுப்படுது, இது கோர் திறந்ததாலயோ?

---

கரடிப்போக்கு_ரிப்பேர்:

இல்லை தம்பி, ரெண்டு கோரில போட்டாலும் அது மூடுப்படும். ஃபெனம் 2இல எஸ்எஸ்இ 4.1, 4.2, ஏவிஎக்ஸ் எண்டுற புதுப் புரொசசர் கட்டளைகள் ஒண்டும் இல்லை, புதுக் கேம்களும் சில எடிற்றிங் சொஃப்ற்வெயாரும் அதைக் கேக்கும், கோர் எத்தினை திறந்தாலும் அது வராது. விண்டோஸ் 11இன்ர 24எச்2வும் அதாலதான் உதில பூட் ஆகாது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, நீங்கள் பாவிக்கிறது கேடென்லைவ் எண்டபடியால் லினக்ஸுக்கே மாறிப்போடுங்கோ, அதில இன்னும் நல்லா ஓடும்.

---

மல்லாவி_வயல்:

இடையில வாறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. என்னட்டை இன்ரெல் ஐ3 2100 இருக்கு, எச்61 போட். இதிலயும் உப்பிடிக் கோர் திறக்கலாமோ?

---

அறிவியல்நகர்_அக்கா:

ஏலாது. இன்ரெலில அப்பிடித் திறக்கிற வழி இல்லை, ஐ3 2100 உண்மையாவே ரெண்டு கோர்த் துண்டு. மல்ரிபிளையரும் 2011இல இருந்து பெரும்பாலும் கே எழுத்து போட்டதுகளிலதான் திறந்து விட்டவை, எச்61இல அதுவும் சரிவராது. 2010இல இன்ரெலே பென்ரியம் ஜி6951க்கு 50 டொலர் கார்ட் ஒண்டு வித்தது, நம்பரை அடிச்சா ஹைப்பர்திறெடிங்கும் கொஞ்ச கேஷும் திறக்கும், ஆக்கள் ஏசினவை, அடுத்த வருசமே நிப்பாட்டிப்போட்டினம். புது ஏஎம்டியிலயும் நிப்பாட்டின கோரை சிப்பிலயே வெட்டி விடுகினம், இது 2009, 2010 காலத்துச் சாமானுக்கு மட்டும் உரிய கதை.

உங்களுக்கு லேசான வழி வேற. அதே 1155 சொக்கற்றில பழைய ஐ5 3470 ஒண்டு தேடி எடுத்துப் போடுங்கோ, உண்மையான நாலு கோர், 77 வாற்ஸ், கூடச் சூடும் இல்லை. போட்டின்ர சிபியூ லிஸ்ற்றில இருக்கோ, எந்த பயோஸ் வேர்ஷனில இருந்து எண்டு பாருங்கோ. கன எச்61 போட்டுக்கு 3000 வரிசை ஓட பயோஸ் அப்டேற் வேணும், அதைப் பழைய ஐ3 போட்டிருக்கேக்கயே செய்து முடிக்க வேணும். யுபிஎஸ் இல்லாமல் அப்டேற் போடாதேங்கோ, நடுவில கரண்ட் போனா போட் முழிக்காது.